ஊரறியச் சொல்லுதல் - பஞ்சாயத்து அறிவிப்புகளும் கிராம சபையும்

ஒரு கிராமத்தின் பொதுக் காரியங்கள் செவ்வனே நடைபெற வேண்டுமாயின் பணம் வேண்டும், ஆள் வேண்டும், அதிகாரம் வேண்டும் என்று யாவரும் சொல்வர். இம்மூன்றுக்கும் முன்பாக வேண்டுவது ஒன்று உண்டு. அதுவே செய்தி. என்ன வேலை நடக்கப்போகிறது, அதற்கு எவ்வளவு செலவு, எந்தத் தேதியில் கூட்டம், எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தகாதது என்பன போன்ற விஷயங்கள் ஊரார் அனைவர் காதிலும் விழ வேண்டும். அவ்வாறு விழாத வரையில் பஞ்சாயத்து மக்களுடையதாகாது, அலுவலகத்தினுடையதாகவே நின்றுவிடும். ஆதலின், பஞ்சாயத்தின் அறிவிப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும், அதனை எவ்வழியில் மக்களிடம் சேர்ப்பிப்பது, சேர்ப்பிக்காவிடில் நேரும் நஷ்டம் யாது என்பவற்றைத் தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து இங்கே ஆராய்வோம்.

முரசு முதல் ஒலிபெருக்கி வரை

ஊரறியச் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையே, புகார் நகரில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும் செய்தியைக் கூறுவதாகும். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். விதி இன்னதென்று ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து எனலாம்.

பிற்காலத்தில் தண்டோரா, அதாவது தமுக்கு அடித்துச் செய்தி சொல்லுதல், கிராமந்தோறும் நிலைபெற்றது. எழுத்தறியாதவருக்கும், வயற்காட்டில் நிற்பவருக்கும், அடுப்படியில் இருப்பவருக்கும் அது ஒருங்கே செய்தியைக் கொண்டு சேர்த்தது. ஆயினும் அவ்வேலை குறிப்பிட்ட சமூகத்தாரின் தலையிலேயே பிறப்பால் சுமத்தப்பட்டிருந்தது. ஊருக்குச் செய்தி சொன்னவரே ஊரின் மரியாதையைப் பெறாதவராக இருந்தார். இந்நிலை நீடித்தல் தகாது என்று 2022 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். ஆட்களைக் கொண்டு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கியைப் பொருத்தி அறிவிப்புச் செய்யலாம் என்பது அக்கடிதத்தின் சாரம்.

இது வரவேற்கத்தக்க மாறுதலே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டோராவை நிறுத்துவது எளிது. தண்டோரா செய்துவந்த வேலையை வேறு வழியில் நிறைவேற்றுவதற்கு முயற்சி தேவை. தமுக்கு ஓய்ந்த ஊரில் ஒலிபெருக்கியும் வராமற்போனால், எஞ்சி நிற்பது அலுவலகச் சுவரில் ஒட்டிய காகிதம் ஒன்றுதான்.

சட்டம் கூறுவது என்ன?

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி இயற்றப்பட்டதே 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். பஞ்சாயத்தின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. பஞ்சாயத்தின் திட்டத்தையும் வரவு செலவையும் அங்கீகரிப்பதும், தணிக்கை அறிக்கையைப் பார்ப்பதும், வேலைகளின் முன்னேற்றத்தைப் பரிசீலிப்பதும் இச்சபையின் கடமைகள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமாகிய நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் 2022இல் சேர்க்கப்பட்டன. இவற்றுள் அக்டோபர் 2 தருமபுரி மக்களுக்கு மற்றொரு வகையிலும் நினைவில் நிற்பது. 1965ஆம் ஆண்டு அதே நாளில்தான் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று.

கிராம சபைக் கூட்டத்திற்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பாக அறிவிப்புச் செய்தல் வேண்டும். வருகைக்குரிய குறைவெண்ணும் உண்டு. ஜனத்தொகை 500 வரையுள்ள பஞ்சாயத்தில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூடியிருக்க வேண்டும். அறிவிப்பு சரியாகச் செல்லாத ஊரில் இவ்வெண்ணிக்கை எங்ஙனம் நிறையும்? வந்த சிலரை வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு வீடு வீடாக நோட்டுப் புத்தகத்தை அனுப்புவது சபை ஆகாது.

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டமும் இங்கே நினைவுகூரத்தக்கது. பொது அலுவலகங்கள் தம் செய்திகளைக் கேட்பதற்கு முன்பே தாமாக வெளியிட வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு விதிக்கிறது. செய்தி அவ்விடத்து மொழியில், அவ்விடத்து மக்களுக்கு எளிதில் எட்டும் முறையில் அமைய வேண்டும் என்பதும் அதில் அடங்கும். விளம்பரப் பலகை, பத்திரிகை, பொது அறிவிப்பு, வானொலி முதலியன அதற்குரிய வழிகள்.

தருமபுரியின் நிலைமை

2019ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தருமபுரி மாவட்டத்தில் 251 கிராமப் பஞ்சாயத்துகள் இருந்தன. ஒரு பஞ்சாயத்து என்றால் ஓர் ஊர் என்று எண்ணிவிடலாகாது. பல குக்கிராமங்களும், கொட்டாய்களும், காட்டோரக் குடியிருப்புகளும் சேர்ந்ததே ஒரு பஞ்சாயத்து. சித்தேரி மலையிலும் வத்தல் மலையிலும் குடியிருப்புகள் தொலைவு தொலைவாக அமைந்துள்ளன. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டிய காகிதத்தைப் படிக்க அங்குள்ளவர் ஒரு நாள் கூலியை இழந்து இறங்கி வருவார் என்று எதிர்பார்த்தல் நியாயமன்று.

மேலும் இம்மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் பல. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புக்குச் சென்று விழாக்களுக்கு மட்டும் ஊர் திரும்புவோரும் பலர். ஆகவே இங்கே ஓர் அறிவிப்பு எழுத்தாகவும் இருக்க வேண்டும், வாய்ச்சொல்லாகவும் ஒலிக்க வேண்டும், வெளியூரில் இருப்பவரின் கைபேசிக்கும் எட்ட வேண்டும். மூன்றில் ஒன்று குறையினும் ஒரு பகுதியினர் விடுபட்டுப் போவர்.

கண்ணுக்குத் தெரியாத கேடு

அறிவிப்பின் அவசியத்தை நீரைக் கொண்டு விளக்குவது பொருத்தமாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்துள்ளது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அந்த அளவைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் பருகினால் குழந்தைகளின் பற்களில் காவி படியும். பற்கள் குழி விழும். முதிர்ந்தவர்க்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப் போகும். இறுகிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை.

இதனைத் தடுக்கும் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013 மே மாதத்தில் காவிரி நீர் மக்களுக்கு வழங்கப்பட்டது. எனினும் குழாய் பழுதுற்று நீர் வராத நாட்களில் மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றையே நாடுவது இயல்பு. இங்கேதான் அறிவிப்பு வேண்டும். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நாவில் வைத்தும் அறிய முடியாது. காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்று மிகுமேயன்றிக் குறையாது. பரிசோதனை செய்தவர் வாய் திறந்து சொன்னாலன்றி ஊருக்குத் தெரிய வழியே இல்லை.

பரிசோதனை முடிவு யூனியன் அலுவலகக் கோப்பில் இருந்து பயன் யாது? அந்தக் கைப்பம்பின் மீதே அது எழுதப்பட வேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். "குடிநீரின் தரம் குறித்துப் பொதுமக்கள் உரிய விழிப்புடன் நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதனையே, "தெற்குத் தெருக் கைப்பம்பின் நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. துணி துவைக்கலாம், மாட்டுத் தொழுவம் கழுவலாம். இதில் பற்களையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு மிகுதி. காய்ச்சினாலும் போகாது. குடிக்க மேல்நிலைத் தொட்டிக் குழாய் நீரைப் பிடிக்கவும். குழாயில் நீர் வராவிடில் தொட்டி ஆபரேட்டரிடம் உடனே தெரிவிக்கவும்" என்று எழுதினால், படித்த பிள்ளை தன் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாலும் விளங்கும்.

ஏலமும் கெடுவும்

அறிவிப்புப் பற்றாக்குறையால் பஞ்சாயத்தின் வருமானமும் குறையும். பாதையோரப் புளிய மரங்களின் மகசூலை ஏலம் விடும் செய்தி நாலு பேருக்கு மட்டும் தெரிந்தால் நாலு பேரே கேட்பர்; கேட்பவர் குறைந்தால் விலையும் குறையும். ஏல நாள், இடம், மரங்களின் எண்ணிக்கை, முன்பணம் ஆகிய நான்கும் அடுத்த ஊர்ச் சந்தையிலும் தெரியும்படி செய்தால், போட்டி மிகுந்து தொகையும் உயரும். அத்தொகை தெருவிளக்கிற்கும் வடிகாலுக்கும் உதவும்.

விவசாயிகளுக்கோ அறிவிப்பில் உள்ள தேதி உயிர் போன்றது. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளியான நாள் முதல் 21 நாட்களுக்குள் ஆட்சேபணை எழுத்து மூலம் கொடுக்கப்பட வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் சட்டம். 2018இல் சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கான அறிவிப்புகள் அரூர் வட்டாரத்தையும் தொட்டன. வழக்கு உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 2020 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. திட்டம் வேண்டும் என்பாருக்கும் வேண்டாம் என்பாருக்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு: தன் சர்வே எண் அறிவிப்பில் உள்ளதா என்பதைக் கெடுவுக்குள் அறிந்தவருக்கே சட்டம் தரும் வாய்ப்பு முழுமையாகக் கிட்டும். மலைவாழ் மக்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அத்தகையதே. கிராம சபை கோரிக்கைகளை அழைத்த நாளிலிருந்து 3 மாதத்திற்குள் மனுக் கொடுக்க வேண்டும் என அதன் விதிகள் கூறுகின்றன.

செய்யத்தக்கவை

பஞ்சாயத்துகள் அதிகச் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைக் கீழே தருகிறோம்.

1. விளம்பரப் பலகை ஒன்று போதாது. ஒவ்வொரு குக்கிராமத்திலும் மக்கள் தாமே கூடும் இடத்தில், அதாவது ரேஷன் கடை, பால் சங்கம், அங்கன்வாடி, பேருந்து நிற்கும் மரத்தடி ஆகியவற்றில், ஒரு பிரதி ஒட்டப்படுதல் வேண்டும்.

2. ஒலிபெருக்கி வாகனம் காலை வேலைக்குப் புறப்படும் முன்பும், மாலை வீடு திரும்பிய பின்பும் வர வேண்டும். நடுப்பகலில் வருவதால் காலி வீடுகளே கேட்கும்.

3. வாகனம் ஏறாத மலைக் குடியிருப்புகளுக்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாயிலாகவும் பள்ளி வாயிலாகவும் செய்தி அனுப்பலாம். தெலுங்கும் கன்னடமும் பேசும் தெருக்களில் அம்மொழி அறிந்தவர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லுதல் நலம்.

4. ஒவ்வோர் அறிவிப்பிலும் என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு தொகை, யாரிடம் கேட்பது, கடைசித் தேதி எது என்னும் ஆறும் இருக்க வேண்டும்.

5. கிராம சபை அறிவிப்போடு நிகழ்ச்சி நிரலும், படிவம் 30இல் உள்ள வரவு செலவுக் கணக்கும் முன்கூட்டியே ஒட்டப்பட வேண்டும். கூட்டத்தில் வேகமாக வாசிக்கப்படும் கணக்கை எவராலும் ஆராய இயலாது.

6. கூட்டத்தின் இடம் குக்கிராமந்தோறும் சுழற்சியாக மாற வேண்டும். எல்லாச் சமூகத்தாரும் தயக்கமின்றி வந்து அமரும் இடமாக அது இருத்தல் அவசியம்.

7. கூட்டம் முடிந்தபின் நிறைவேறிய தீர்மானங்களும் ஒட்டப்பட வேண்டும். முன் தீர்மானம் என்னவாயிற்று என்று தெரிந்த மக்களே மறு கூட்டத்திற்கு வருவர்.

மக்களின் பங்கு

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டு 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்ற தருமபுரி மாவட்டப் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிவுற்றது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2016 அக்டோபர் முதல் 2020 வரையிலும் இத்தகைய நிலையே இருந்தது. வார்டு அங்கத்தினர் பதவியில் உள்ள காலத்தில், தெருவில் அவரை நிறுத்தி விஷயம் கேட்கலாம். அவர் இல்லாத காலத்தில் ஊருக்கும் அலுவலகத்திற்கும் இடையே உள்ள பாலம் அறிவிப்பும் கிராம சபையுமே. ஆகவே அத்தகைய காலங்களில் இவ்விரண்டும் முன்னிலும் ஒழுங்காக நடைபெறுதல் வேண்டும். முன்னாள் அங்கத்தினர்கள் பதவி இல்லை என்று ஒதுங்காமல், தம் தெருவாருக்குச் செய்தியைச் சொல்லும் பணியைத் தொடர்ந்து செய்தல் பெருந்தொண்டாகும்.

விவசாயப் பெருமக்களும் தம் கடமையை மறத்தல் ஆகாது. ஒட்டிய காகிதத்தைக் கடந்து செல்லும்போது ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். படிக்க இயலாத அண்டை வீட்டாருக்குச் சொல்லுங்கள். அறிவிப்பு வராவிடில் ஏன் வரவில்லை என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்; கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். எல்லாரும் அறிந்து கூடி எடுத்த முடிவுக்கு எல்லாரும் கட்டுப்படுவர். வேலையிலும் துணை நிற்பர். அவ்வொற்றுமையே கிராம முன்னேற்றத்திற்கு அஸ்திவாரம். அதனைத் தத்தம் பஞ்சாயத்தில் அடுத்த கிராம சபை அறிவிப்பிலிருந்தே தொடங்குவோமாக!