பயோடெக் படிக்கும் மகளுக்காக வயலை அடமானம் வைக்கலாமா?

சேரன்மகாதேவிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மகள் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருஷம். வயலை அடமானம் வைத்து எம்.எஸ்சி. சேர்க்கவா, இல்லை வேளாண்மை அலுவலர் பரீட்சை எழுதச் சொல்லவா?”

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேளாண்மை அலுவலர் வேலைக்கு பி.எஸ்சி. வேளாண்மைப் பட்டம் வேண்டும், பயோடெக்னாலஜி செல்லாது. இது தெரியாமலே பலர் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். பூச்சிமருந்துக் கடை உரிமம் வாங்க அந்தப் பட்டம் செல்லும்.

வயலைத் தொடாதீர்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்காக ‘ஜி.ஏ.டி.-பி’ என்று ஒரு நுழைவுத் தேர்வு, பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் நடக்கிறது. இதில் தேறி, அந்தத் துறை நிதி தரும் எம்.எஸ்சி. இடம் கிடைத்தால் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நமக்குப் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தில் இருக்கிறது. கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். முதல் பகுதி முழுக்க பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்தான். பரணில் கிடக்கும் பழைய புத்தகங்களை இன்றே இறக்கச் சொல்லுங்கள். பட்டப்படிப்புப் பாடத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

“இந்தப் படிப்பால் நமக்கென்ன?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் பிசான நெல் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் இருந்த, வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து உருவானதுதான் சி.ஆர். 1009 சப் 1. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு வரும். அந்த மரபணு எந்த நாற்றில் இறங்கியிருக்கிறது என்று ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது பயோடெக் வேலை. நாம் வாங்கும் திசு வளர்ப்பு வாழைக்கன்றில் முடிக்கொத்து நோய் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதுவே.

அதனால் கடைசி வருஷ ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்க விடாதீர்கள். அதைவிட வீண் செலவு கிடையாது. திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடத்துக்குத் துறைத்தலைவர் கடிதத்தோடு விண்ணப்பிக்கட்டும். கைவேலை தெரிந்த பிள்ளையைத்தான் ஆய்வகங்கள் எடுக்கின்றன.

எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். ‘நெட்’ எழுதலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

மதுரை கிடைக்கவில்லையா? அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பயோடெக்னாலஜி துறை இருக்கிறது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். அங்கேயும் இப்போதே விசாரித்து வையுங்கள்.