பாட்டு நம்முடையது, பத்திரம் யாருடையது?



சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நம் பிள்ளைகள் பறையடித்துப் பாடி யூடியூபில் ஏற்றுகிறார்கள். கவிதைத் தொகுப்பைக் கிண்டிலில் விற்கிறார்கள். படைப்பை வெளியிட இன்று யார் வாசலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் படைப்போடு உரிமையும் கைவிட்டுப் போய்விடக் கூடாது. அதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. எழுதியவர் அறிவு. பாடகி தீயுடன் அவரும் பாடினார். இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அறிவு இல்லை, பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார். பெயர் ஒரு சிக்கல், பணம் இன்னொரு சிக்கல். சட்டமும் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

முதலில் பெயர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, உரிமையை முழுதும் விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைப்பாளிக்கு உண்டு.

அடுத்து பணம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் சம்பளம் வாங்கியதோடு எழுத்தாளரின் கணக்கு முடிந்தது. கூலிக்கு எழுதிய திரைப்பாட்டு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2012 திருத்தம் இதை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர, மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. தனிப்பாடலுக்கும் இது பொருந்தும். 'எல்லாம் தந்துவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பங்கு போகாது.

இனி ஒப்பந்தம். உரிமம் என்பது குத்தகை. உரிமை மாற்றம் என்பது கிரயம். எது என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். கிரயம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அதனால்தான் இணைய ஒப்பந்தங்களில் 'உலகெங்கும்', 'நிரந்தரமாக' என்ற இரண்டு சொற்கள் வந்து உட்காருகின்றன. அவற்றை அடிக்கச் சொல்லுங்கள்.

குழுவாகப் பாடினால், ஏற்றும் முன்பே யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். யூடியூப் பணம் சேனல் வைத்திருப்பவர் கணக்குக்குத்தான் போகும். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் சான்றாக நிற்கும். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாடுபவருக்கும் பறையடிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. நம் ஊர்ப் பெண்களின் ஒப்பாரியைப் பதிவு செய்து 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் போட்டால், நமக்கு நடந்ததையே நாம் அவர்களுக்குச் செய்கிறோம். அனுமதி கேட்போம், பெயர் போடுவோம், பங்கு கொடுப்போம். பிறகு நம் பங்கைக் கேட்போம்.