கையெழுத்துக்கு முன் கரையேற்றிப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஒரு புதுக் காருக்குக் கொடுக்கும் பணத்துக்குள், நாற்பது நாற்பத்தைந்து வயதான மோட்டார் யாட் ஒன்றை வாங்கிவிட முடியும். படுக்கை அறை, சமையலறை, கழிப்பறை, தேக்கு வேலைப்பாடு, தரைக்கடியில் டீசல் எஞ்சின் என்று எல்லாம் இருக்கும். விளம்பரப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்த விலையோடு இன்னொரு தொகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பழைய உரிமையாளர்கள் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைகளின் செலவு. படகை வாங்கும் முன் பார்ப்பது என்பது அந்தத் தொகை எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு படகை வைத்துப் பேசலாம். உலகமெங்கும் பழைய யாட் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுவது கிராண்ட் பேங்க்ஸ். அமெரிக்கன் மரீன் என்ற நிறுவனம் 1960-களில் ஹாங்காங்கில் இதைக் கட்டத் தொடங்கியது. பிறகு சிங்கப்பூரிலும் தளம் அமைத்தது. இன்று ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கட்டுகிறார்கள். நிறுவனம் சிங்கப்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மீன்பிடிப் படகின் சாயலில் அமைந்த, நிதானமாகப் போகிற, கனமான படகு இது. 36 அடி மாடல் மட்டுமே சுமார் 12 டன் இருக்கும். பழைய மாடல்கள் மணிக்கு ஏழெட்டு கடல் மைல் போகும். 1973 வரை மரத்தில் கட்டினார்கள். அந்த ஆண்டில் ஃபைபருக்கு மாறினார்கள். மரப் படகைப் பார்ப்பது தனி வித்தை. இங்கே சொல்வதெல்லாம் 1973-க்குப் பிந்தைய ஃபைபர் படகுகளைப் பற்றி.

படகு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கடல்நீர் உள்ளே வருமோ என்றுதான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் பழைய ஃபைபர் படகைச் சத்தமில்லாமல் அழிப்பது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர். கடல்நீர் வந்தால் பம்ப் ஓடும், அலாரம் அடிக்கும், உடனே கவனிப்பார்கள். மழைத்தண்ணீர் ஒரு திருகு ஓட்டை வழியாக வருடக்கணக்கில் சொட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் ஆய்வை மேல்தளத்திலிருந்து தொடங்குங்கள்.

பழைய கிராண்ட் பேங்க்ஸின் அழகே அந்தத் தேக்குத் தளம்தான். அடியில் ஃபைபர் தளம். அதன்மேல் தேக்குப் பட்டைகளை வரிசையாக வைத்துத் திருகு போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகின் தலையையும் சின்ன மர மூடியால் அடைத்து, பட்டைகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் போன்ற பசையை ஊற்றியிருப்பார்கள். ஒரு படகில் இப்படி ஆயிரக்கணக்கான திருகுகள் இருக்கும். தேக்கு தேயத் தேய மூடிகள் கழன்று விழும். பசை விளிம்பில் விட்டுப்போகும். அதன்பிறகு ஒவ்வொரு திருகும் தண்ணீர் இறங்கும் ஒரு வழி. ஃபைபர் தளம் பெரும்பாலும் இரண்டு அடுக்கு. நடுவில் பால்சாவோ வேறு மரமோ இருக்கும். அந்த நடுமரம் ஊறி மக்கிவிட்டால், மேலே தேக்கு எவ்வளவு பளபளத்தாலும் தளம் போனதுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் போதும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பது மாதிரி, கைவிரல் அகலம் கைவிரல் அகலமாக நகர்த்தித் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். மக்கிய இடம் வந்ததும் ஒலி ‘தப் தப்’ என்று செத்துவிடும். வித்தியாசம் முதல் தடவை கேட்பவருக்கே தெரியும். கைப்பிடிக் கம்பிகளின் அடி, நங்கூர வின்ச்சைச் சுற்றி, டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றி, இந்த மூன்று இடங்களிலும் அவசரப்படாமல் தட்டுங்கள். தேக்குக்கு மேலே தட்டினால் ஒலி கொஞ்சம் மழுங்கும். அந்த இடங்களில் படகுக்குள் போய், அடியிலிருந்து கூரையையும் தட்டிப் பார்க்க வேண்டும். கேபினுக்குள் ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகளில் மரம் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புது வார்னிஷ் ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்று இருந்தால், அதற்கடியில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

சில உரிமையாளர்கள் தேக்கை முழுக்கப் பெயர்த்துவிட்டு, ஓட்டைகளை அடைத்து, வழுக்காத பெயிண்ட் அடித்திருப்பார்கள். பார்க்க எளிமையாக இருக்கும், விலையும் கொஞ்சம் குறையலாம். என்னைக் கேட்டால் அந்தப் படகையே எடுக்கச் சொல்வேன். வேலை நடந்தபோது எடுத்த படங்களை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மக்கிய மரத்தை எடுக்காமல் மேலே பூசி மறைத்தவர்களும் உண்டு.

இந்தத் தளக் கசிவு தளத்தோடு நிற்பதில்லை. பழைய கிராண்ட் பேங்க்ஸில் எஞ்சின் அறையின் இரண்டு பக்கமும் இரும்பு டீசல் டேங்க் இருக்கும். சரியாக நடைதளத்துக்குக் கீழே. தளத்தில் இறங்கிய தண்ணீர் டேங்கின் தலையில் தேங்கும். டேங்க் மேலிருந்து கீழாகத் துருப்பிடிக்கும். டேங்க் மாற்ற வேண்டுமென்றால் பல படகுகளில் எஞ்சினையே தூக்கி வெளியே எடுக்கவேண்டி வரும், இல்லையென்றால் டேங்கை உள்ளேயே துண்டு துண்டாக வெட்டி எடுக்கவேண்டும். மேலே மழைக்குத் திறந்த ஒரு திருகு ஓட்டை, கீழே இவ்வளவு பெரிய வேலையாக முடிகிறது. ஒரு டார்ச்சும் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் எடுத்துப்போய் டேங்கின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பாருங்கள். துருச் செதில், ஈரக் கசிவு, எஞ்சின் அறைக் கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும் டீசல் வாடை, இவையெல்லாம் விலையைப் பேசும் மேசைக்கு வரவேண்டிய விஷயங்கள்.

அடுத்து, படகைக் கரையேற்ற வேண்டும். தண்ணீரில் மிதக்கும் படகை மட்டும் பார்த்துவிட்டு யாரும் வாங்கக் கூடாது. கிரேன் வாடகை, படகை வாங்குபவர் தலையில்தான் விழும், கொடுத்தே ஆகவேண்டும்.

தூக்கியதும் அடிப்பாகத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரியலாம். ஃபைபரின் மேல்பூச்சு வழியாகத் தண்ணீர் மெல்ல ஊடுருவி, உள்ளே கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து அழுத்தம் ஏற்றுவதால் வருவது. குத்தினால் வினிகர் வாடையோடு ஒரு திரவம் பீய்ச்சும். அதனால் கண்ணாடி போடாமல் குத்தக் கூடாது. கொப்புளத்தைக் கண்டதும் பலர் ஓடிவிடுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். அந்தக் காலத்துக் கிராண்ட் பேங்க்ஸின் அடிப்பாகம் தடிமனானது. ஆங்காங்கே நாலு கொப்புளம் இருந்தால் படகு மூழ்காது. அடி முழுக்க அம்மை போட்டது போலிருந்தால்தான் சங்கதி வேறு: மேல்பூச்சைச் சீவி எடுத்து, மாதக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸி பூசவேண்டும். ஈரமானி காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தண்ணீரிலிருந்து அப்போதுதான் தூக்கிய படகு ஈரம் காட்டத்தான் செய்யும்.

உலோகங்களைக் கவனமாகப் பாருங்கள். கடல்நீரில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றாகக் கிடந்தால் மின்வேதி அரிப்பு வரும். அதைத் தாங்கிக்கொண்டு தான் கரைவதற்காகவே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். கட்டி பாதி கரைந்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். சுத்தமாகக் காணோம் என்றால், அது இல்லாத நாள்களில் கடல் வேறு எதைத் தின்றது என்று தேடவேண்டும். புரொப்பல்லரை ஓரிடத்தில் லேசாகச் சுரண்டினால் மஞ்சளாக மின்னவேண்டும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, அது வலுவிழந்துவிட்டது. கடல்நீர் உள்ளே வரும் ஒவ்வொரு வால்வையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். இறுகிப்போய் அசையாத வால்வு ஆபத்து நேரத்தில் உதவாது.

இனி எஞ்சின். 1970, 80-களின் கிராண்ட் பேங்க்ஸ் பலவற்றில் இருப்பது ஃபோர்டு லேமன் 120. ஃபோர்டின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்து, கடலுக்கு ஏற்றபடி மாற்றி விற்ற எஞ்சின் அது, 120 குதிரைத்திறன். டர்போ கிடையாது, மின்னணுப் பெட்டி கிடையாது. ஒழுங்காகப் பராமரித்தால் பத்தாயிரம் மணி நேரம் தாண்டியும் ஓடும். மணிக்கணக்கு மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று மகிழவேண்டாம். வருடக்கணக்கில் கட்டிப் போட்ட டீசல் எஞ்சின், நாலாயிரம் மணி நேரம் சீராக ஓடியதைவிட மோசமாக இருக்கலாம்.

இந்த எஞ்சினின் எரிபொருள் பம்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு; எஞ்சின் எண்ணெயோடு சேராது. அதைத் தனியாக, அடிக்கடி மாற்றவேண்டும். “பம்ப் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?” என்று விற்பவரிடம் கேளுங்கள். தேதியோடு பதில் வந்தால் அவர் படகைப் பார்த்துக்கொண்டவர். “எந்தப் பம்ப்?” என்று திருப்பிக் கேட்டால், மற்ற வேலைகளும் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் கிளப்பவேண்டும். நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கிளம்புகையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைவது இயல்பு. சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் சுமை அதிகம், அல்லது காற்று போதவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. பின்பக்கப் புகைக்குழாயில் புகையோடு கடல்நீரும் தாராளமாகக் கொட்டவேண்டும்.

பிறகு கடலில் ஓட்டம். துறைமுகத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினால் ஒன்றும் தெரியாது. திறந்த நீருக்குப் போய், எஞ்சினை முழு வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிடவேண்டும். லேமன் 120 எஞ்சின், நிமிடத்துக்கு 2500 சுற்று எட்டவேண்டும். எட்டவில்லை என்றால் அடிப்பாகம் சிப்பி பிடித்திருக்கலாம், புரொப்பல்லர் பொருந்தாததாக இருக்கலாம், எஞ்சினே களைத்திருக்கலாம். அந்த நிமிடங்களில் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மெதுவான வேகத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும் அடைபட்ட ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் பாகம்), முழு வேகத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். திரும்பி வந்ததும் எஞ்சின் எண்ணெயை ஒரு குப்பியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எண்ணெயில் சோடியம் இருந்தால் கடல்நீரோ கூலன்டோ கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இரும்பும் தாமிரமும் கூடியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. நேற்று மாற்றிய எண்ணெயில் இது எதுவும் தெரியாது என்பதால், எப்போது மாற்றியது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்கம்பிகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்பது வருடத்தில் ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு விளக்கோ ரேடியோவோ சேர்த்திருப்பார். வீட்டுக் கம்பியை வைத்து ஒட்டுப்போட்டிருப்பார். கரை மின்சாரம் செருகும் பிளக்கைக் கழற்றி, முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். சிலிண்டர் வெளியே, அடியில் கடலை நோக்கி வடிகால் உள்ள தனிப் பெட்டியில் இருக்கவேண்டும்.

இவ்வளவையும் நீங்களே பார்த்தாலும், கடைசித் தீர்ப்பைத் தகுதி பெற்ற சர்வேயரிடம் விடுங்கள். அவரை நீங்களே தேடிப்பிடிக்க வேண்டும். தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம். முதல் படகு வாங்குபவர்கள் சிக்கனம் பார்ப்பது இங்கேதான், அதுதான் எனக்கு வருத்தம். வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம் கொடுத்து, ‘ஆய்வு முடிவுக்கும் கடல் ஓட்டத்துக்கும் உட்பட்டது’ என்று எழுதித்தான் ஒப்பந்தம் போடுவார்கள். அந்த வரி இல்லாத தாளில் கையெழுத்து வேண்டாம். சர்வேயர் படகின் உடலையும் மின்சாரத்தையும் பார்ப்பார். எஞ்சினுக்குத் தனி மெக்கானிக் தேவை. பழைய படகுக்குக் காப்பீடு கொடுக்கும் நிறுவனங்களும் அந்த அறிக்கையைக் கேட்கும்.

காகிதங்களைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கடல்சார் சட்டத்தில் சில கடன்கள் ஆளைத் தொடராமல் படகைத் தொடரும். சில நாடுகளின் சட்டப்படி, பழைய உரிமையாளர் கொடுக்காமல் விட்ட பழுதுபார்ப்புக் கட்டணம்கூட உங்கள் படகின்மேல் ஏறி உட்காரலாம். கைமாறிய பத்திரங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, பதிவேட்டில் அடமானம் உண்டா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

கணக்கு ஒன்றும் உண்டு. வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு செலவாகும் என்று சொல்வார்கள். பழைய படகுக்கு அந்தக் கணக்கு உதவாது. அடிமாட்டு விலைக்குக் கிடைத்த 42 அடிப் படகானாலும், கிரேனும் பெயிண்டும் படகுத்துறை வாடகையும் புதிய 42 அடிப் படகுக்கு ஆகும் அளவேதான். செலவு படகின் நீளத்தைப் பார்க்கும், நீங்கள் கொடுத்த விலையைப் பார்க்காது. அதனால் குடும்பத்துக்கு 36 அடி போதுமென்றால் 42-ஐத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

விற்பவர் கரையேற்ற மறுத்தாலோ, முழு வேக ஓட்டம் வேண்டாம் என்றாலோ, “இன்னொருவர் நாளைக்கே பணத்தோடு வருகிறார்” என்று அவசரப்படுத்தினாலோ, முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். கிராண்ட் பேங்க்ஸ் 36-லும் 42-லும் தலா ஆயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள்; அடுத்தது விற்பனைக்கு வரும்.