எண்ணை மட்டும் படித்தால் போதுமா?

முதலில் ஒரு புதிர். கணிப்பொறியில் தகவல்களைச் சேமிக்கும் கருவிகள் இரண்டைச் சோதித்தார்கள். ஒரு சிறு தகவலைப் படித்துத் தர ஆன சராசரி நேரம், முதல் கருவிக்கு 12, இரண்டாவதற்கு 95. எது வேகமானது? ‘முதல் கருவிதான்’ என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

இத்தகைய சோதனைக்கு உதவும் நிரல்களுள் ஒன்று ‘ஃபியோ’. யென்ஸ் ஆக்ஸ்போ என்பவர் எழுதியது. கருவியின் பல இடங்களிலிருந்தும் தகவல்களைப் படித்து, ஆன நேரத்தை அளந்து, முடிவுகளை வரிவரியாகத் தரும். நூறு முறை சோதித்தால் பக்கங்கள் குவிந்துவிடும். எனவே வேண்டிய எண்ணைப் பொறுக்கியெடுக்கப் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுவோம். சராசரியைக் குறிக்கும் சொல்லைத் தேடி, அதையடுத்த எண்ணை எடுத்தால் வேலை முடிந்தது அல்லவா?

இல்லை! நாம் படிக்க வசதியாக ஃபியோ அலகை மாற்றிக்கொள்ளும். நேரம் சிறிதானால் மைக்ரோ வினாடி. பெரிதானால் மில்லி வினாடி. அந்த அலகோ வரியின் முற்பகுதியில், அடைப்புக்குறிக்குள் இருக்கும். நம் நிரல் அதைப் பார்க்கவேயில்லை. உண்மையில் 12 என்பது மில்லி வினாடி. 95 என்பது மைக்ரோ வினாடி. அதாவது, இரண்டாவது கருவியே சுமார் 126 மடங்கு வேகமானது!

இயற்பியல் அறிந்தவர் இதை முன்பே ஐயுற்றிருப்பார். முதல் கருவி, நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் காந்த வட்டு. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி ஆகும். வேண்டிய தகவல் படிக்கும் முனையின் அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி வினாடி, காத்திருக்க வேண்டும். அது 12 மைக்ரோ வினாடியில் எப்படி விடை தரும்? இரண்டாவதோ சுழலும் பாகமே இல்லாத மின்னணுக் கருவி.

அலகை மறப்பது சிறு பிழையன்று. 1999-இல் நாசா ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலத்தைச் செவ்வாயருகே இழந்தது. ஒரு நிரல் பவுண்டு விசை-வினாடியில் எழுதிய எண்ணை, மற்றொரு நிரல் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டதே காரணம்.

ஆகவே, உங்கள் நிரல் முதலில் அலகைப் படிக்கட்டும். பிறகு எல்லா எண்களையும் ஒரே அலகுக்கு மாற்றட்டும். அறியாத அலகு வந்தால், ஊகிக்காமல் நின்றுவிடட்டும்.

செய்து பாருங்கள்: 640 மைக்ரோ வினாடி, 3 மில்லி வினாடி, 98,000 நானோ வினாடி. இவற்றுள் மிகக் குறைந்த நேரம் எது?