சுமை வண்டியை உயர்த்தச் சுருள்வில் தேர்ந்தெடுத்தல்

மரக்காணம் உப்பளங்களில் மூட்டை ஏற்றும் வண்டிகள், மழைக்குப்பின் சேறாகும் பாதைகளில் செல்ல வேண்டியிருக்கிறது. அடிப்பாகம் தரையில் இடிக்காதிருக்க, முன்புறம் சுருள்வில் கொண்ட சிறு சுமை வண்டிகளை உயர்த்த விரும்பும் அங்கத்தினர்களும் உளர். கடன் பெற்று வாங்கிய வண்டியில் வில்லைத் தவறாகத் தேர்ந்தால், முதலுக்கும் உயிருக்கும் ஒருங்கே இடர் நேரும்.

வில்லின் உயரம் வேறு, விறைப்பு வேறு. 100 கிலோவிற்கு 20 மில்லிமீட்டர் அமுங்கும் வில், 400 கிலோவிற்கு 80 மில்லிமீட்டர் அமுங்கும். விறைப்பை மாற்றாமல் நீளத்தை மட்டும் சிறிது கூட்டினால், வண்டி உயரும், மென்மையும் குன்றாது. விறைப்போ கம்பி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் கம்பி இட்டால், ஏனைய அளவுகள் மாறாதிருப்பின், விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடும். அப்போது வெறும் வண்டி துள்ளும். சக்கரம் சாலையைச் சரியாகப் பற்றாது.

ஆகவே, முதலில் வெறும் வண்டியையும் பாரவண்டியையும் எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சின் பாரத்தைத் தனியே அறிதல் வேண்டும். அதற்கேற்ற விறைப்புள்ள வில்லை இணையாகவே வாங்குக. ஷாக் அப்சார்பரும் பிரேக் குழாயும் புதிய உயரத்திற்குப் போதுமா என்று பார்த்தல் அவசியம்.

நம் கடற்கரையில் இன்னொரு பகை உப்பு. பூச்சு உரிந்த இடத்தில் துரு அரித்துச் சிறு குழியாகும். முறிவு அங்கிருந்தே தொடங்கும். ஆதலின் பூச்சுக் குறையாத வில்லையே கொள்க. அளத்திலிருந்து திரும்பியதும் நல்ல நீரால் கழுவுக. வில்லின்மீது வெல்டிங் செய்வதும், அதைத் தீயில் காய்ச்சுவதும் எஃகின் பதத்தைக் கெடுக்கும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவில் கண்ட தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக.

முடிவாக ஒன்று: வில் வலுத்தமையால் அச்சும் பிரேக்கும் டயரும் வலுத்துவிடுவதில்லை. உயர்ந்த வண்டி வளைவில் எளிதிற் சாயும். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதம் ரூ. 20,000, மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. ஒரு நடையில் மிச்சம் பிடிக்க எண்ணிப் பல மாத வருவாயை இழத்தல் சிக்கனமாகாது.