வன்தட்டோடு ஏலம் போகும் மாணவர் விவரங்கள்

பள்ளிகளில் பழுதடைந்த கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம் விவாதம் பெரும்பாலும் சுற்றுச்சூழல் கேட்டிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்பதையும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகத் திரட்டப்பட்டு மறுசுழற்சிக்குச் சென்றதாகப் பதிவாகியிருப்பதையும் நோக்கினால் அந்தக் கவலை நியாயமானதே. பழைய குழல் மானிட்டரின் கண்ணாடியிலும் யு.பி.எஸ். பேட்டரியிலும் இருக்கும் ஈயம் மண்ணில் கலந்தால் அதனால் முதலில் பாதிக்கப்படுவோர் குழந்தைகளே. ஆயினும் அதே குழந்தைகளைப் பற்றிய விவரங்கள் அந்தக் கணினிக்குள் அழியாமல் இருந்து, விற்கப்படும் இரும்போடு சேர்ந்து பள்ளி வாயிலைத் தாண்டிச் செல்வதைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. ஈயத்தைவிட விரைவாகத் தீங்கு செய்யக்கூடியது இதுதான்.

ஆய்வகக் கணினியைக் காட்டிலும் அலுவலகக் கணினியே இதில் ஆபத்து மிக்கது. பொதுத்தேர்வுக்காகத் தயாரிக்கப்படும் பெயர்ப்பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டால், மாணவரின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சாதிப் பிரிவு, முகவரி, அலைபேசி எண் ஆகியவை ஒரே வரிசையில் அடுத்தடுத்த கட்டங்களில் அமைந்திருக்கும். உதவித்தொகைக்கான பட்டியலில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கூடுதலாக இடம்பெறும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மாற்றுத்திறன் சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கேன் நகல்கள் ஏதோ ஒரு கோப்புறையில் ஆண்டுவாரியாகக் குவிந்திருக்கும். வாட்ஸ்அப் வழியாகப் பெற்றோர் அனுப்பியவை பதிவிறக்கக் கோப்புறையில் எவராலும் பிரித்து அடுக்கப்படாமல் கிடக்கும். இவை அனைத்தையும் விடக் கவலைக்குரியது, இணையத்தில் உலவப் பயன்படும் பிரவுசர் மென்பொருளில் சேமித்து வைக்கப்பட்ட கடவுச்சொல். கோப்புகள் கடந்துபோன ஆண்டுகளின் விவரத்தையே தருகின்றன. மாற்றப்படாத ஒரு கடவுச்சொல்லோ இன்று படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் பதிவுகளுக்குள்ளும் நுழைய வழிவிடும்.

கோப்புகளை நீக்கி, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்துவிட்டால் எல்லாம் அழிந்துவிட்டது என்ற நம்பிக்கையே இந்தக் கவனக்குறைவின் வேர். ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் ஒவ்வொரு கோப்பும் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஓர் அட்டவணை குறித்து வைத்திருக்கிறது. நீக்கு என்று ஆணையிடும்போது அந்த அட்டவணையில் இருக்கும் குறிப்பு மட்டுமே விலக்கப்பட்டு, அந்த இடம் வேறு எதையாவது எழுதக் காலியாக உள்ளதாகக் குறிக்கப்படுகிறது. பட்டாவை ரத்து செய்வதால் நிலம் மறைந்துவிடாதது போல, புதிய தரவு அதே இடத்தின் மேல் எழுதப்படும்வரை பழைய தரவு அங்கேயே இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளைக் கொண்டு சிறிதளவு பயிற்சி உள்ளவர்கூட அதை வெளியே எடுத்துவிட முடியும். விரைவு ஃபார்மேட் எனப்படும் முறையும் இதையேதான் சற்றுப் பெரிய அளவில் செய்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் பழைய சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கிச் சோதித்து, 2003-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். இயங்கும் நிலையில் இருந்த 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் தனிப்பட்ட கடிதங்களும் கிடைத்தன. பிரிட்டனில் ஒரு பொது மருத்துவமனை நிர்வாகம் அழிப்பதற்காக ஒப்படைத்த சுமார் 1,000 வட்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை நோயாளிகளின் விவரங்களோடு இணைய ஏலத்தில் விற்கப்பட்டதாகத் தெரியவந்து, 2012-இல் அந்த நிர்வாகத்துக்கு 3,25,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த மருத்துவமனை அலட்சியமாக வட்டுகளை வீசி எறியவில்லை, அழிக்கச் சொல்லியே கொடுத்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்து, அது நிறைவேறியதா என்று பார்க்காமல் விட்டதே அங்கு நேர்ந்த பிழை.

நம் பள்ளிகளில் நடைமுறை இதைவிடவும் தளர்வானது. இருப்புப் பதிவேட்டில் சி.பி.யு. 1, மானிட்டர் 1, கீபோர்டு 1 என்று பொருள்கள் எண்ணிக்கையாகவே ஏறுகின்றன. உபயோகமற்றவை என்று கழிவு செய்யும்போதும் அதே எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டு, ஏலத்தொகை வரவு வைக்கப்பட்டதும் கோப்பு முடிக்கப்படுகிறது. பெட்டிக்குள் இருக்கும் வட்டுக்கென்று அந்தப் பதிவேட்டில் தனி வரி கிடையாது. பாதுகாப்புக் கருதி ஒரு தலைமையாசிரியர் வட்டைக் கழற்றி வைத்தால், பாகம் குறைகிறது என்று தணிக்கையில் ஆட்சேபம் எழும் என்ற அச்சமே அவருக்கு மிஞ்சுகிறது. கழற்றாமல் விட்டாலோ கேள்வி கேட்பார் இல்லை. பொருளைக் காக்க எழுதப்பட்ட நடைமுறை தகவலைக் கைவிடும்படி தூண்டுகிறது என்பது வருத்தத்துக்குரிய நிலை. அந்தப் பெட்டிகள் காயலான் கடைக்கோ பழைய உதிரிபாகச் சந்தைக்கோ சென்று சேரும்போது, இயங்கும் வட்டுக்கு இரும்பைவிட அதிக விலை கிடைக்கும் என்பதால் அதுவே முதலில் கழற்றப்பட்டு மறுவிற்பனைக்குப் போகிறது.

இதற்கான தீர்வு செலவு மிக்கதன்று. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, விரைவு என்ற தெரிவை நீக்கிவிட்டு முழு ஃபார்மேட் செய்தால், விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகள் அந்தப் பகுதி முழுவதிலும் பூஜ்ஜியங்களை எழுதுகின்றன. வட்டில் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். 500 ஜிபி வட்டு ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் அளவுக்குப் பிடிக்கலாம். ஏழுமுறை எழுத வேண்டும் என்ற பழைய நம்பிக்கை இன்றைய வட்டுகளுக்குத் தேவையற்றது. அமெரிக்க அரசின் 800-88 எண் வழிகாட்டியும் பொதுவாக ஒருமுறை மேலெழுதுவதே போதும் என்கிறது. சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வகைக்கு இது பொருந்தாது. தேய்மானத்தைச் சமப்படுத்துவதற்காக அது எழுதும் இடத்தைத் தானாகவே மாற்றிக்கொள்வதால், வட்டுக்குள்ளேயே அமைந்துள்ள அழிப்பு ஆணையை இயக்கியாக வேண்டும். இயங்காத வட்டில் எதையும் எழுத முடியாதாகையால் உள்ளிருக்கும் தட்டையே சிதைப்பதுதான் எளிய வழி. மேல் உறையைச் சுத்தியலால் தட்டுவது போதாது, தட்டில் துளையிட வேண்டும். மடிக்கணினி வட்டுகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது என்பதால் துளையிடுபவருக்குக் கண் பாதுகாப்பு அவசியம். இந்த வேலையை மாணவர்களிடம் ஒருபோதும் கொடுக்கலாகாது. வட்டு வசதியுள்ள பெரிய நகலெடுப்புக் கருவிகளும் தாம் நகலெடுத்த பக்கங்களை உள்ளே வைத்திருக்கக்கூடும் என்பதால் அவையும் இதே கவனத்துக்கு உரியவை.

நல்ல வட்டுகளை உடைப்பது வீண், கணினியை இன்னொரு ஏழைப் பள்ளிக்குக் கொடுக்கலாமே என்ற வாதமும் உண்டு. முறையாகத் துடைத்த பிறகு தாராளமாகக் கொடுக்கலாம்.

பள்ளி நடைமுறையில் உள்ள இந்த இடைவெளியைச் சட்டமும் முழுமையாக அடைக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் மொத்த நுகர்வோர் பட்டியலில் கல்வி நிறுவனங்களையும் பெயர் சுட்டிச் சேர்த்திருந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளோ, ஒரு நிதியாண்டில் குறைந்தது 1,000 மின், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் அமைப்பையே மொத்த நுகர்வோராகக் கருதுவதால் பெரும்பாலான பள்ளிகள் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. மேலும் இவ்விதிகளின் அக்கறை நச்சுப் பொருள்களைப் பற்றியது, வட்டில் எழுதப்பட்டிருப்பதைப் பற்றியதன்று. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்துக்கு இடமளிக்கிறது. இருந்தும், தண்டம் எத்துணை பெரிதாயினும் வெளியே சென்றுவிட்ட ஒரு மாணவியின் அலைபேசி எண்ணையும் முகவரியையும் அது திரும்பப் பெற்றுத் தராது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். கணினிகளைக் கழிவு செய்யும் தீர்மானம் அடுத்த முறை அக்குழுவின் முன் வரும்போது, ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணும், அது துடைக்கப்பட்டதா சிதைக்கப்பட்டதா என்ற குறிப்பும், செய்தவரின் கையொப்பமும் தீர்மானத்தோடு இணைக்கப்பட்டுள்ளனவா என்று பெற்றோர் கேட்க வேண்டும். இல்லையென்றால் கையொப்பமிட மறுக்க வேண்டும்.