ஒலிபெருக்கிக்கு ஒரு வரி

2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரிக் கடலோரம் நல்லவாடு என்ற மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன். அங்கே வேலை பார்த்த ஊர்க்காரர் தொலைக்காட்சியில் சுனாமியில் கடல் பொங்கும் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டிருந்தார். கிராம அறிவு மையத்து ஒலிபெருக்கி அலறியது. ஊரே கரையை விட்டு ஓடியது. படகுகள் போயின, சனம் பிழைத்தது.

அந்த ஒலிபெருக்கி அங்கே வந்த கதையை, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து மூலக்குளம் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் வில்லியனூர். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே தலைமை மையம் அமைத்து, சுற்றுக் கிராமங்களில் அறிவு மையங்கள் வழியே தகவல் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கியது. பணம் தந்தது கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம். கணினியை இறக்குவதற்கு முன்பே, யாருக்கு என்ன தகவல் தேவை, இப்போது அதை யாரிடம் கேட்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கரையில் வலை சரிசெய்துகொண்டிருப்பவரைக் கணினி முன்னால் வந்து உட்காரச் சொல்ல முடியுமா? அவர் காதுக்குப் போய்ச் சேர ஒலிபெருக்கிதான் வழி.

ஊரும் வெறுங்கையோடு நிற்கவில்லை. மையத்துக்கு இடம் தந்தது, நடத்த ஆள் தந்தது. சாதி பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. என்னைக் கேட்டால், எந்த விண்ணப்பத்துக்கும், ஊருக்கு என்ன தேவை, ஊர் என்ன தருகிறது என்று சொல்லும் பகுதிதான் உயிர். ஆனால் பலர் இதை ஒற்றை வரியில் முடித்துவிட்டு, ‘விழிப்புணர்வு’, ‘மேம்பாடு’ என்று பக்கங்களை நிரப்புகிறார்கள். குடிநீருக்கு நிதி கேட்பதென்றால், எத்தனை வீடு, எந்தெந்த மாதம் குழாயில் தண்ணீர் வருவதில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எழுதுங்கள். படிப்பவர் கண்ணில் ஊர் தெரிய வேண்டும். பட்ஜெட்டின் ஒவ்வொரு வரியும் அந்தத் தேவைகளில் ஒன்றோடு சேர வேண்டும். சேராத வரியை நீங்களே அடித்துவிடுங்கள்.

காகித வேலையும் உண்டு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதிக்குப் போவதென்றால், வருமான வரித் துறையிடம் 12ஏ, 80ஜி எனப்படும் பதிவுகளோடு சி.எஸ்.ஆர்-1 பதிவும் வேண்டும். வெளிநாட்டு நிதி என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி வேண்டும்; 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. சின்ன டிரஸ்ட்டுகளை இது கடுமையாகப் பாதிக்கிறது. பெரிய அமைப்பு வாங்கிப் பிரித்துத் தருவது நின்றுபோனதால், கிராமத்து அமைப்பே நேரடியாக எழுத வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்ததும் ஊர்க் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். “இது எங்களுக்கு வேண்டாம், அதைச் சேருங்க” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால், அந்த இடத்தைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.